தொகுப்பு நூலுக்குச் சிறுகதையும் அனுபவக் கட்டுரையும் அனுப்புவது எப்படி: குமரி மாவட்டத்துப் புது எழுத்தாளர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பலருடைய படைப்புகளைச் சேர்த்து வெளியிடும் தொகுப்பு நூல்களுக்குக் கதையோ அனுபவக் கட்டுரையோ அனுப்ப நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் கூடும் நண்பர்கள், எழுதியதை அனுப்பும் முன் என்னிடம் படிக்கத் தருவார்கள். தொகுப்பாசிரியருக்கு உதவியாக, வந்து குவிந்த கோப்புகளைப் பிரித்து அடுக்கும் வேலையும் செய்திருக்கிறேன். இரண்டு பக்கமும் பார்த்ததில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. நன்றாக எழுதப்பட்ட கதைகள் பல, வேலைகளை முன்பின்னாகச் செய்ததால் திரும்பி வருகின்றன. கதையை அனுப்பிவிட்டு, படைப்பு கேட்டு வெளியான அழைப்பைப் படிக்கிறார்கள். புத்தகம் அச்சாகி வந்தபின் உரிமையைப் பற்றிக் கேட்கிறார்கள். அதனால் கீழே இருக்கும் வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. அழைப்பு வரும் முன்பே கையில் இருக்க வேண்டியவை

அழைப்பு வெளியாவதற்கும் கடைசித் தேதிக்கும் நடுவே பெரும்பாலும் சில வாரங்கள்தான் கிடைக்கும். அதற்குள் ஒரு கதையை யோசித்து, எழுதி, ஆறப்போட்டு, திருத்தி அனுப்புவது சிரமம். எழுதி முடித்து எங்கும் வெளிவராத இரண்டு மூன்று படைப்புகள் எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும்.

எழுதியவுடன் ஃபேஸ்புக்கில் போட்டுவிடும் பழக்கம் இருந்தால், நல்லதென்று உங்களுக்கே தோன்றும் கதைகளையாவது போடாமல் வையுங்கள். ஏன் என்று அடுத்த பகுதியில் சொல்கிறேன்.

உங்கள் பெயரிலேயே ஒரு ஜிமெயில் முகவரி வேண்டும். மகனுடைய மெயிலிலிருந்தும் கம்ப்யூட்டர் சென்டர் மெயிலிலிருந்தும் அனுப்பிவிட்டு, தேர்வான செய்தி வந்ததே தெரியாமல் இருந்தவர்களை எனக்குத் தெரியும். மெய்ப்பு, அதாவது அச்சுக்கு முந்தைய திருத்தப் பிரதி, பார்க்கச் சொல்லி வரும் மெயிலுக்குக் குறித்த நாளுக்குள் பதில் போகவில்லை என்றால் கதையை எடுத்துவிடவும் வாய்ப்பு உண்டு.

அப்புறம், நாற்பது ஐம்பது சொல்லில் ஒரு தன்குறிப்பு, முகம் தெளிவாகத் தெரியும் ஒரு புகைப்படம், ஒரு நோட்டுப் புத்தகம். நோட்டில் கதையின் பெயர், எங்கே அனுப்பியது, எந்தத் தேதி, என்ன பதில் என்று நான்கு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரில் எக்செல் தெரிந்தால் அதிலும் வைக்கலாம். எதில் வைத்தாலும் சரி, நினைவை நம்ப வேண்டாம். ஒரே கதையை இரண்டு இடத்துக்கு அனுப்பி, இரண்டிலும் அச்சாகும் நிலை வந்தால், இரண்டு தொகுப்பாசிரியர்களுமே அடுத்த முறை உங்கள் பெயரைத் தயக்கத்தோடுதான் பார்ப்பார்கள்.

2. அழைப்பை முழுதாகப் படியுங்கள்

வாட்ஸ்அப்பில் பத்துக் குழு தாண்டி வரும் அழைப்பில் பாதி விவரம் உதிர்ந்திருக்கும். பதிப்பகத்தின் பக்கத்துக்கோ தொகுப்பாசிரியரின் பக்கத்துக்கோ போய் முழு அழைப்பைத் தேடி எடுங்கள். அதை ஒரு தாளில் அச்செடுத்து, பொருள், சொல்லளவு, கடைசித் தேதி, கோப்பு வடிவம், உரிமை, சன்மானம் ஆகியவற்றைப் பேனாவால் அடிக்கோடிடுங்கள்.

எல்லாரும் இடறும் இடம் ‘இதுவரை வெளிவராத படைப்பு’ என்ற வரி. பத்திரிகையில் வராததுதான் வெளிவராதது என்று பலர் நினைக்கிறார்கள். ஃபேஸ்புக், சொந்த வலைப்பூ, பிரதிலிபி போன்ற செயலி, சங்க மலர், கல்லூரி ஆண்டு மலர், ஊர்த் திருவிழா மலர் எல்லாமே வெளியீடுதான் என்று பெரும்பாலான தொகுப்பாசிரியர்கள் கருதுகிறார்கள். கதையின் முதல் வரியை கூகுளில் போட்டுத் தேடிப் பார்ப்பது அவர்களுக்கு அரை நிமிட வேலை. உங்கள் படைப்பு ஏற்கனவே எங்காவது வந்திருந்தால், அனுப்பும் முன் இரண்டு வரி மெயில் போட்டு ஏற்பார்களா என்று கேளுங்கள். சிலர் திருவிழா மலரில் வந்ததைப் பொருட்படுத்த மாட்டார்கள். மறைத்து அனுப்பி, பிறகு தெரியவரும்போதுதான் சங்கடம்.

தொகுப்பாசிரியர் யார், பதிப்பகம் எது என்பதைத் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். கதையைத் தேர்ந்தெடுப்பவர் ஒருவர். அச்சிட்டு விற்று, சன்மானம் தருபவர் இன்னொருவர். பதிப்பகத்தின் பெயரே இல்லாத அழைப்பு என்றால் அதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே அடுத்த படிக்குப் போங்கள்.

3. பணம் கேட்டால்

இப்போது நிறைய தொகுப்புகள் ‘பங்களிப்புத் தொகை’ கேட்கின்றன. பணம் கட்டினால் புத்தகத்தில் இடம், சான்றிதழ், சில நேரம் கேடயமும் கிடைக்கும். கட்டியவர் எல்லாருடைய படைப்பும் வரும் என்பதால் அங்கே தேர்வு என்ற ஒன்று நடப்பதில்லை. தேர்வு இல்லாத இடத்தில் திருத்தமும் பெரும்பாலும் இருக்காது. எழுத்தில் வளர நினைக்கிறவர் இந்த வழியைத் தவிர்ப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

‘ஐஎஸ்பிஎன் எண் (புத்தகத்தை அடையாளம் காட்டும் எண்) வாங்கச் செலவு’ என்று காரணம் சொல்வார்கள். இந்தியாவில் அந்த எண்ணை மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் பெயரிலான முகமை இலவசமாகவே தருகிறது. எண் இருப்பது புத்தகத்துக்கு ஓர் அடையாளம், அவ்வளவுதான். தரத்துக்கான சான்று இல்லை.

பணம் கேட்கவில்லை, ஆனால் இத்தனை பிரதி வாங்கியே ஆக வேண்டும் என்றால் அதுவும் கட்டணம்தான். விரும்பினால் கழிவு விலையில் வாங்கலாம் என்பது வேறு. அதில் தவறில்லை.

4. எந்தப் படைப்பை அனுப்புவது

கதை நன்றாக இருப்பது வேறு, அந்தத் தொகுப்புக்குப் பொருந்துவது வேறு. தொகுப்பாசிரியர் இருபது கதைகளை ஒன்றோடொன்று இடிக்காமல் அடுக்கப் பார்க்கிறார். ஒரே மாதிரி மூன்று கதை வந்தால் ஒன்றைத்தான் எடுப்பார்.

நம் மாவட்டத்தில் இது பெரிய சிக்கல். ‘கடல்’ என்று பொருள் கொடுத்தால் இங்கிருந்து போவதில் பெரும்பகுதி 2004 டிசம்பர் 26 சுனாமியும் 2017 நவம்பர் கடைசியில் அடித்த ஒக்கிப் புயலும்தான். எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. குளச்சலிலும் மணக்குடியிலும் தூத்தூர் பக்கத்து ஊர்களிலும் பட்டதை அங்கிருப்பவர்கள் எழுதாமல் வேறு யார் எழுதுவது? ஆனால் அலை வந்தது, ஓடினோம், இழந்தோம் என்ற பாதையிலேயே எல்லாக் கதையும் போகிறது. தொடங்கும் இடத்தை மாற்றிப் பாருங்கள். ஆழ்கடலுக்குப் போன கணவர் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அந்த வீட்டில் ரேஷன் கார்டிலிருந்து அவர் பெயரை எடுக்க யார் போவது என்று மாமியாரும் மருமகளும் பேசாமல் தள்ளிப்போடும் ஒரு வாரம். புயல் ஒரு வரியில்கூட வராமல் முழுக் கதையும் புயலைப் பற்றியதாகவே இருக்கும். இப்படி ஒரு கோணம் இருந்தால் குவியலில் அது தனியாகத் தெரியும்.

‘மழை’, ‘வீடு’, ‘அம்மா’, ‘பயணம்’ மாதிரி பொதுவான பொருளுக்கும் இதுவே வழி. முதலில் மனதில் தோன்றும் கதை மற்றவர்களுக்கும் தோன்றியிருக்கும். உங்கள் கையிருப்பில் தோவாளையில் விடியும் முன் பூ கட்டப் போகிற பெண்ணைப் பற்றி ஒரு கதை இருந்து, அழைப்பின் பொருள் ‘கடன்’ என்று இருந்தால், பூ வியாபாரத்தில் முன்பணம் வாங்கும் பழக்கம் அந்தக் கதையில் ஏற்கனவே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது பொருந்தும். இல்லாததைக் கடைசிப் பத்தியில் ஒட்டவைத்தால் ஒட்டு தெரியும். அப்போது இந்த அழைப்பை விட்டுவிடலாம். விடுவதும் இந்த வேலையில் ஒரு பகுதிதான்.

5. கதையா, அனுபவக் கட்டுரையா என்று முடிவு செய்யுங்கள்

‘நடந்ததைத்தான் எழுதினேன், கொஞ்சம் கற்பனையும் சேர்த்தேன்’ என்று சொல்லிக் கதையையும் கட்டுரையையும் கலந்து அனுப்புகிறார்கள். அனுபவக் கட்டுரை என்று போட்டால், அதில் இருப்பது நடந்தது என்று நீங்கள் வாசகருக்கு வாக்குக் கொடுக்கிறீர்கள். நடக்காத ஒன்று அதில் இருந்தால் அதைக் கதை என்று அனுப்புங்கள். கதையாகிவிட்டால் உண்மை நிகழ்ச்சியைக் காட்டித் தப்பிக்க முடியாது. ‘உண்மையில் அப்படித்தான் நடந்தது’ என்பது பலவீனமான கதைக்குச் சமாதானமாகாது.

கட்டுரையில் வரும் மனிதர்களைப் பற்றி அனுப்பும் முன்பே யோசிக்க வேண்டும். அச்சான பிறகு யோசித்துப் பயனில்லை. ஒரு பெண் தன் அக்கா கல்யாணத்துக்காகத் தோட்ட நிலமான விளையை ஈடு வைத்ததையும், அதில் அத்தை நடந்துகொண்ட விதத்தையும் எழுதியிருந்தார். நல்ல கட்டுரை. அத்தையின் பெயரை மாற்றியிருந்தார். ஆனால் ஊர்ப் பெயர் அப்படியே இருந்தது. அத்தை நடத்திய தையல் கடையும், கடைக்கு எதிரே இருந்த சிறு சிலுவைக் கோயிலான குருசடியும் அப்படியே இருந்தன. அந்த ஊரில் தையல் கடை ஒன்றுதான். நம் ஊர்களில் பெயரை மட்டும் மாற்றினால் யாரையும் மறைக்க முடியாது. அதனால் அவர் அத்தையின் தொழிலை மாற்றினார், ஊரை எடுத்தார், அத்தையைத் தூரத்து உறவாக்கினார். அந்த மாற்றங்களைக் கட்டுரையின் கீழே ஒரு வரியில் ‘சில அடையாளங்கள் மாற்றப்பட்டுள்ளன’ என்று சொல்லவும் செய்தார். வாசகருக்குக் கொடுத்த வாக்கும் நின்றது, அத்தைக்கும் பாதிப்பில்லை.

உறவினர் ஒருவர் கட்டுரையின் மையத்தில் இருந்தால், முடிந்தவரை அவரிடம் படித்துக் காட்டுங்கள். படித்துக் காட்ட முடியாத உறவு என்றால், அந்தப் பகுதியை நான்கு வாரம் தள்ளிவைத்துத் திரும்பப் படியுங்கள். கோபத்தில் எழுதிய வரிகள் அப்போது தானாகவே கண்ணில் படும். ஒருவரைப் பற்றி அவதூறாக எழுதுவது குற்றம். இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. இறந்தவரைப் பற்றி எழுதினாலும், அவர் குடும்பத்தை நோகடிக்கும் நோக்கம் இருந்தால் அது அவதூறாகலாம்.

6. நம் பேச்சு வழக்கைக் கையாளுதல்

சென்னையிலோ கோவையிலோ இருக்கும் பிழை திருத்துநர் ‘எனக்க அம்மை’ என்பதை ‘என்னோட அம்மா’ என்றும், ‘மரச்சீனி’யை ‘மரவள்ளி’ என்றும் நல்லெண்ணத்தோடு மாற்றிவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. எது தவறுதல், எது வேண்டுமென்றே எழுதியது என்று நீங்கள் சொல்லாமல் அவருக்கு எப்படித் தெரியும்?

முதலில், பேச்சு வழக்கு உரையாடலில் மட்டுமா, கதை சொல்லும் நடையிலுமா என்று முடிவெடுங்கள். அப்புறம், ஒரு சொல்லை ஒரே மாதிரி எழுதுங்கள். முதல் பக்கத்தில் ‘ஒனக்க’, மூன்றாம் பக்கத்தில் ‘உனக்க’ என்று இருந்தால் இரண்டையுமே பிழை என்று எடுத்துக்கொள்வார்கள். மூன்றாவதாக, பாத்திரத்தின் ஊரைப் பாருங்கள். விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பேச்சும் தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கத்துப் பேச்சும் ஒன்றல்ல. கடற்கரைப் பேச்சு இன்னும் வேறு. குளச்சல் மீனவர் பூதப்பாண்டி வழக்கில் பேசினால் சென்னை வாசகருக்குத் தெரியாமல் போகலாம், நம் வாசகருக்கு உடனே உறுத்தும்.

கதைக்குள்ளே அடைப்புக்குறி போட்டு அர்த்தம் எழுத வேண்டாம், வாசிப்பு தடுக்கும். கதை முடிந்தபின் தனிப் பக்கத்தில் ஐந்தாறு சொற்களுக்குப் பொருள் எழுதி, ‘உரையாடலில் உள்ள எழுத்து வடிவங்கள் வட்டார வழக்கு, மாற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

7. சொல்லளவுக்குள் கொண்டுவருதல்

சொல்லளவு தொகுப்பாசிரியரின் பிடிவாதத்தால் வருவதில்லை. புத்தகம் 16 பக்கம் கொண்ட ஃபாரங்களாக அச்சாகிறது. டெமி எனப்படும் நூல் அளவில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 200 சொல் பிடிக்கும். இருபது பேரும் ஆளுக்கு ஐந்நூறு சொல் கூடுதலாக எழுதினால் ஐம்பது பக்கம் ஏறும், அதாவது மூன்று ஃபாரத்துக்கு மேல். விலையும் ஏறும். 2,000 சொல் என்றால் 2,000க்குள் அனுப்புங்கள். பக்கக் கணக்கு வேண்டாம், வேர்டிலோ கூகுள் டாக்ஸிலோ சொற்களை எண்ணச் சொல்லிப் பாருங்கள்.

வெட்ட வேண்டிய இடம் பெரும்பாலும் தொடக்கம். நான் படிக்கும் கதைகளில் அதிகம் பார்ப்பது இந்த மாதிரித் தொடக்கத்தைத்தான்:

‘மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், இயற்கை எழில் கொஞ்சும் பச்சைப் பசேல் என்ற ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே அமைந்திருந்தது அந்த அழகிய சிற்றூர். அங்கே வாழ்ந்த மக்கள் வெள்ளந்தியானவர்கள்.’

அதே கதையின் இரண்டாம் பக்கத்தில் இப்படி ஒரு வரி இருந்தது:

‘பால் வெட்டப் போன சித்தப்பா சிரட்டைகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு எங்கேயோ போயிருந்தார்.’

இந்த வரியில் கதை தொடங்கினால் ஊரும் ரப்பர் பால் வெட்டும் தொழிலும் தானாகவே வந்துவிடுகின்றன, என்ன ஆயிற்று என்ற கேள்வியும் எழுகிறது. முன்னால் இருந்த ஒன்றரைப் பக்கத்தை அந்த நண்பர் எடுத்துவிட்டார். சொல்லளவும் சரியானது.

முடிவில் நீதி சொல்லும் பத்தி இருந்தால் அதையும் எடுத்துப் பாருங்கள். கதை அதற்கு முந்தைய வரியிலேயே முடிந்திருக்கும்.

8. கோப்பைத் தயாரித்தல்

அவசரம் அதிகம் நடக்கும் இடம் இது. கொஞ்சம் நிதானமாகச் செய்யுங்கள்.

எந்தக் கம்ப்யூட்டரிலும் ஃபோனிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறையில் தட்டச்சு செய்யுங்கள். டிடிபி சென்டரில் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்துக் கொடுத்தால், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறக்கும்போது தமிழுக்குப் பதில் வெறும் ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான் தெரியும். ஏற்கனவே அப்படி அடித்தது இருந்தால் என்எச்எம் கன்வர்ட்டர் மாதிரி ஒரு கருவியில் மாற்றிவிட்டு, முழுவதையும் ஒரு முறை படியுங்கள். மாற்றும்போது மேற்கோள் குறிகளும் ‘ஸ்ரீ’ போன்ற எழுத்துகளும் உடையலாம்.

ஃபோனில் பேசி, அது எழுத்தாக மாறும்படி பதிவு செய்கிறவர்கள் ல, ள, ழ; ர, ற; ன, ண ஆகியவற்றைத் தனியாகப் பார்க்க வேண்டும். ‘வலி’யும் ‘வழி’யும் மாறிவிட்டால் எழுத்துப்பிழை திருத்தும் கருவி கண்டுபிடிக்காது, ஏனென்றால் இரண்டும் சரியான சொற்கள்தான். பேசிப் பதிந்ததில் முற்றுப்புள்ளியும் காற்புள்ளியும் பெரும்பாலும் இருக்காது. எங்கே வாக்கியம் முடிகிறது என்று சத்தமாகப் படித்துப் பார்த்துப் புள்ளி வையுங்கள். ஒற்றெழுத்தில் சந்தேகம் வரும். அதற்காகக் கதையை அனுப்பாமல் வைத்திருக்க வேண்டாம். தெரிந்த ஒரு தமிழாசிரியரிடம் ஒரு தடவை காட்டினால் போதும்.

வாட்ஸ்அப்பில் எழுதி அங்கிருந்து எடுத்து ஒட்டினால் தடித்த எழுத்துக்காகப் போட்ட நட்சத்திரக் குறிகளும் கூடவே வரும், எமோஜிகளும் வரும். ஒவ்வொன்றாக நீக்குங்கள். பத்தி பிரிக்க என்டர் தட்டுங்கள். ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி நகர்த்தினால் பக்கம் வடிவமைக்கும்போது எல்லாம் கலைந்துபோகும். வண்ணம், கட்டம், படம், மேலே பூ வரைவது எதுவும் தேவையில்லை. லதா அல்லது நிர்மலா எழுத்துரு, 12 அளவு, வரி இடைவெளி ஒன்றரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்காத வரை பிடிஎஃப் அனுப்பாதீர்கள். தமிழ் பிடிஎஃப்பிலிருந்து எழுத்தை நகலெடுத்தால் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கும். பக்கம் வடிவமைப்பவர் திரும்பவும் முழுதாக அடிக்க வேண்டிவரும். வேர்ட் கோப்பாக அனுப்புவதே நல்லது. கோப்புக்குக் கதையின் பெயரும் உங்கள் பெயரும் வையுங்கள். ‘கதை புதுசு 2’ என்ற பெயரில் பத்துப் பேர் அனுப்பினால் பிரித்தெடுக்கும் ஆள் என்ன செய்வார்?

பெயர் தெரியாமல் தேர்வு நடக்கும் என்று அழைப்பில் இருந்தால், கதையின் மேலிருக்கும் பெயரை எடுப்பது மட்டும் போதாது. கோப்பின் பெயரிலும் அது இருக்கக் கூடாது. வேர்டில் ‘ஃபைல்’, ‘இன்ஃபோ’ என்று போனால் அங்கேயும் ஆசிரியர் பெயர் தெரியும். ‘இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட்’ என்ற வசதியில் அதை நீக்கலாம்.

9. கடிதமும் தன்குறிப்பும்

கடிதம் ஐந்து வரிக்கு மேல் வேண்டாம். கதையின் சுருக்கத்தையோ அதில் சொல்ல வந்த கருத்தையோ எழுதாதீர்கள், கதையே அதைச் சொல்லட்டும். அறிமுகம் இல்லாதவரை ‘அண்ணா’, ‘அக்கா’ என்று எழுத வேண்டாம். நேரில் பழகியவராக இருந்தாலும் இந்த மெயிலில் ‘ஆசிரியருக்கு’ என்றே எழுதுங்கள், அதைப் பதிப்பகத்தில் மற்றவர்களும் படிப்பார்கள்.

‘மதிப்பிற்குரிய தொகுப்பாசிரியருக்கு, வணக்கம். தாங்கள் கேட்டிருந்த “கடன்” தொகுப்புக்கு (கதைத் தலைப்பு) என்ற சிறுகதையை இணைத்துள்ளேன். 1,840 சொற்கள். இது என் சொந்தப் படைப்பு. அச்சிலோ இணையத்திலோ இதுவரை வெளிவரவில்லை. வேறு எங்கும் பரிசீலனையில் இல்லை. தன்குறிப்பு கீழே உள்ளது. நன்றி.’

கீழே பெயர், ஊர், ஃபோன் எண். அவ்வளவு போதும். ‘வேறு எங்கும் பரிசீலனையில் இல்லை’ என்பதை உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள்.

தன்குறிப்பில் ஊர், வேலை, இதுவரை எழுதியவை. முதல் படைப்பு என்றால் ‘இது என் முதல் கதை’ என்று நேராக எழுதுங்கள். ‘குலசேகரம் அருகே வசிக்கிறார், ரப்பர் நாற்றுப் பண்ணை நடத்துகிறார், இது இவருடைய முதல் கதை’ என்பது நல்ல குறிப்பு. பட்டங்களையும் விருதுகளையும் அடுக்கினால் வாசகர் அதைத் தாண்டிப் போய்விடுவார்.

10. அனுப்புதல்

கடைசித் தேதிக்கு மூன்று நாள் முன்பே அனுப்பிவிடுங்கள். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் பெய்யும் மாவட்டம் நம்முடையது. மழையில் மின்சாரமும் நெட்டும் போவது இங்கே புதிதில்லை.

அனுப்பும் முன் அந்த மெயிலை உங்களுக்கே ஒரு முறை அனுப்பி, வேறொரு ஃபோனில் கோப்பைத் திறந்து பாருங்கள். இணைப்பு இருக்கிறதா, எழுத்து உடையாமல் தெரிகிறதா, சரியான பிரதியா என்று மூன்றும் அதில் தெரிந்துவிடும். கூகுள் டாக்ஸ் இணைப்பைக் கொடுத்தால் அனுமதி கேட்டு அவர்கள் நிற்க வேண்டியிருக்கும். கோப்பாக இறக்கி இணைப்பதே மேல். மெயிலில் கேட்டால் மெயிலில்தான். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பேச்சோடு பேச்சாகக் காணாமல் போகும்.

கையெழுத்துப் பிரதியை ஏற்கும் தொகுப்பு என்றால் தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுதி, ஒவ்வொரு தாளிலும் பக்க எண்ணும் பெயரும் போட்டு, ஜெராக்ஸ் எடுத்து வைத்துவிட்டு, ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். ரசீதை நோட்டில் ஒட்டிவிடுங்கள்.

அனுப்பிய பிறகு ‘திருத்திய பிரதி’ என்று இரண்டாவதாக ஒன்று அனுப்புவது புதியவர்களிடம் அதிகம். எந்தப் பிரதியைப் படிப்பது என்ற குழப்பத்தில் பழையதே அச்சாகிவிடலாம். அனுப்பியாயிற்று என்றால் விட்டுவிடுங்கள். தேர்வானால் மெய்ப்பில் திருத்த வழி இருக்கிறது.

11. காத்திருக்கும் நாட்கள்

முடிவு எப்போது என்று அழைப்பில் இருந்தால் அதுவரை எதுவும் கேட்க வேண்டாம். தேதி சொல்லாத அழைப்பு என்றால், கடைசித் தேதியிலிருந்து மூன்று மாதம் கழித்து ஒரு மெயில் போடலாம். ஃபோனில் கூப்பிடுவதும் தெரிந்தவர் வழியாகச் சொல்லச் சொல்வதும் வேண்டாம், உதவி செய்ய நினைப்பவரையும் அது சங்கடத்தில் மாட்டும். அதற்கும் பதில் இல்லை என்றால், கதையைத் திரும்பப் பெறுவதாக இரண்டு வரி எழுதிவிட்டு வேறு இடத்துக்கு அனுப்புங்கள். சொல்லாமல் எடுத்துக் கொடுத்தால்தான் பிரச்சினை.

12. தேர்வான பிறகு, ‘சரி’ என்று சொல்லும் முன்

மகிழ்ச்சியில் ‘எல்லாம் உங்கள் விருப்பம் சார்’ என்று பதில் எழுதிவிடுகிறார்கள். அதை எழுதும் முன் சில விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. நல்ல பதிப்பகங்கள் இதை எதிர்பார்க்கவே செய்கின்றன.

எழுதியவருக்கே பதிப்புரிமை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி அதற்காகப் பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. எழுத்தாளர் வாழ்நாள் முழுதும், அதன்பின் 60 ஆண்டுகளும் அந்த உரிமை நிற்கும். அதை இன்னொருவருக்கு மாற்றித் தர வேண்டுமென்றால், உங்கள் கையெழுத்தோடு எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. எத்தனை ஆண்டு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. மாற்றிக் கொடுத்த உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறு விதமாக எழுதியிருந்தாலன்றி அது காலாவதியாகிவிடும்.

ஆனால் தொகுப்பு நூலுக்கு உரிமையை மாற்றித் தரவே தேவையில்லை. ‘இந்தத் தொகுப்பில் வெளியிட அனுமதி’ போதும். ஒப்பந்தத்தில் ‘பதிப்புரிமை முழுவதும் பதிப்பகத்துக்கு’ என்று இருந்தால், அந்த வரியை மாற்றித் தர முடியுமா என்று கேளுங்கள். மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்பட உரிமை ஆகியவை தனித்தனி. சொல்லாதவை உங்களிடமே இருக்கும் என்று எழுதி வாங்குங்கள். நாளை உங்கள் சொந்தத் தொகுப்பில் இந்தக் கதையைச் சேர்க்க முடியுமா, எத்தனை மாதம் கழித்து என்பதும் தெரிய வேண்டும். ஒப்பந்தம் என்று தனியாக எதுவும் தராவிட்டால் பதில் மெயிலில் நீங்களே இப்படி எழுதலாம்:

‘(கதைத் தலைப்பு) என்ற கதையை இந்தத் தொகுப்பின் அச்சு நூலில் வெளியிட அனுமதி தருகிறேன். பதிப்புரிமை என்னிடமே இருக்கும். பிற வடிவங்களுக்குத் தனியாகக் கேட்டுக்கொள்ளவும். ஆசிரியர் பிரதிகள் எத்தனை, சன்மானம் உண்டா என்பதைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.’

பல தொகுப்புகளில் சன்மானம் இருக்காது. ஒன்றோ இரண்டோ பிரதி வரும். அதை ஏற்பதா என்பது உங்கள் முடிவு. முன்பே தெரிந்து ஏற்றுக்கொண்டால் பிறகு மனக்கசப்பு இல்லை.

மெய்ப்பு வந்தால் உங்கள் மூலப் பிரதியைப் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் பாருங்கள். பத்தி மாறியிருக்கிறதா, உரையாடல் குறி விழுந்திருக்கிறதா, பேச்சு வழக்கைத் திருத்தியிருக்கிறார்களா, உங்கள் பெயரும் முதலெழுத்தும் சரியா என்று பாருங்கள். புதிதாக எழுதிச் சேர்க்க அது நேரமில்லை; பக்கம் நகர்ந்தால் பின்னால் இருக்கும் எல்லாருடைய பக்கமும் நகரும். தொகுப்பாசிரியர் சொல்லும் திருத்தத்தில் உடன்பாடு இல்லை என்றால் காரணத்தோடு ஒரு வரி எழுதுங்கள். ‘இந்த வரியை எடுத்தால் பாட்டி ஏன் பேசவில்லை என்பது தெரியாமல் போகும்’ என்று எழுதினால் பேச இடமுண்டு. ‘என் நடை அப்படித்தான்’ என்றால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

13. திரும்பி வந்தால்

காரணம் கேட்டு எழுதாதீர்கள். நூற்றுக்கணக்கான படைப்புகளைப் படித்தவருக்கு ஒவ்வொன்றுக்கும் பதில் எழுத நேரம் இருக்காது. ஓரிரு வரி கருத்து அவராகவே எழுதியிருந்தால், அதைக் கதையின் மேலேயே குறித்து வையுங்கள். நோட்டில் தேதியைப் போட்டுவிட்டு, ஒரு வாரம் கழித்துக் கதையை எடுத்துச் சத்தமாகப் படியுங்கள். எங்கே நாக்கு தடுக்குகிறதோ அங்கே திருத்துங்கள். பொருள் சார்ந்து திரும்பி வந்திருந்தால் கதையைத் தொட வேண்டியதே இல்லை, வேறு அழைப்புக்கு அனுப்பலாம். இரண்டு மூன்று இடங்களில் திரும்பி வந்து, ஒரே குறையை இரண்டு பேர் சொல்லியிருந்தால் மட்டும் பெரிதாக மாற்றி எழுதுங்கள்.

14. புத்தகம் கைக்கு வந்ததும்

முதல் வேலையாக உங்கள் கதையின் பக்கங்களைப் பாருங்கள், பக்கம் விடுபட்டோ தலைகீழாகவோ கட்டப்பட்டிருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள். அச்சான கதையை ஃபோட்டோ எடுத்து முழுதாக ஃபேஸ்புக்கில் போட வேண்டாம். புத்தகத்தின் விலையில்தான் பதிப்பகம் போட்ட பணம் திரும்ப வர வேண்டும். தலைப்பும் முதல் பத்தியும் போதும். நோட்டில் தொகுப்பின் பெயர், பதிப்பகம், பதிப்பு ஆண்டு, பக்க எண் நான்கையும் எழுதுங்கள். பிறகு சொந்தத் தொகுப்பு கொண்டுவரும்போது, ஒவ்வொரு கதையும் முதலில் எங்கே வந்தது என்று நன்றி சொல்லும் பக்கத்துக்கு இந்த விவரம் வேண்டும், அப்போது தேடினால் கிடைக்காது.